கைடை மூடிவைத்து எழுதுவது

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், உயிரியல் குரூப். முதல் செமஸ்டரில் நிதிக் கணக்கியலில் அரியர் விழுந்துவிட்டது, 75-க்கு 22. மற்றதெல்லாம் பாஸ் மார்க்கை ஒட்டித்தான். படிக்காமல் இல்லை. தேர்வுக்கு முன் கைடை மூன்று தடவை வாசித்தேன். வாசிக்கும்போது புரிகிறது, ஹாலில் உட்கார்ந்ததும் கை ஓடவில்லை. ஆங்கிலத்தில் எழுதுவதும் சிரமம். மூன்று யூனிட்டை நன்றாகப் படித்தால் போதும், இரண்டை சாய்ஸில் விட்டுவிடலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள், அப்படியே செய்தேன். காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். அப்பாவுக்கு ஆறு மா நிலம், அறுப்பு நேரத்தில் நானும் கூட நிற்க வேண்டும். எப்படிப் படித்தால் நல்ல மார்க் வாங்கலாம்? கேள்வித்தாளை இணைத்திருக்கிறேன்.

ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

முதலில் அந்த மூன்று யூனிட் யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய தாளில் ஏ பகுதி பத்து இரண்டு மார்க் கேள்விகள், யூனிட்டுக்கு இரண்டு, எல்லாவற்றுக்கும் எழுத வேண்டும். பி பகுதி ஐந்து ஐந்து மார்க் கேள்விகள், யூனிட்டுக்கு ஒன்று, 'இது அல்லது அது' என்று கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்துதான் வருகின்றன. சி பகுதியில் மட்டும்தான் ஐந்தில் மூன்று எழுதினால் போதும். இரண்டு யூனிட்டை விட்டால் ஏ பகுதியில் 8, பி பகுதியில் 10, ஆக 18 மார்க் ஹாலுக்குள் நுழையும் முன்பே போய்விட்டது. மீதி 57. அதில் ஒரு கேள்விகூடத் தப்பாமல் எழுதுவதாக வைத்தால்தான் 57. சீனியர்கள் சொன்னது சி பகுதிக்குப் பொருந்தும், முழுத்தாளுக்குப் பொருந்தாது. ஆகவே ஐந்து யூனிட்டும் இரண்டு மார்க், ஐந்து மார்க் அளவுக்குப் படியுங்கள். பத்து மார்க் ஆழத்துக்கு நான்கு யூனிட். நான்காவது எதற்கு என்றால், ஒரு யூனிட்டில் எதிர்பாராத கணக்கு வந்துவிட்டால் ஒதுங்கிக்கொள்ள.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 'மூன்று தடவை வாசித்தேன்'. கண்ணுக்குப் பழகிய பக்கம் புரிந்த மாதிரியே தோன்றும். ஹாலில் அந்தப் பக்கம் கண் முன்னால் இருக்காது. வெறும் தாளிலிருந்து விடையைத் தருவிக்கும் வேலையை நீங்கள் வீட்டில் ஒரு முறைகூடச் செய்து பார்க்கவில்லை, அதனால்தான் கை ஓடவில்லை. நான்காவது தடவை வாசித்தாலும் இதேதான் நடக்கும். ஒரு தடவை வாசியுங்கள், கைடை மூடுங்கள், நினைவில் இருப்பதை எழுதுங்கள், பிறகு திறந்து விட்டதைச் சிவப்புப் பேனாவில் சேருங்கள். மூன்றாம் நாள் அதையே மறுபடி எழுதுங்கள், அடுத்த வாரம் இன்னொரு முறை. முதல் தடவை பாதிகூட வராது. அதற்காகக் கைடைத் திறந்துவிடாதீர்கள். 'என்னவோ ஒன்று விட்டுப்போச்சே' என்று மண்டையைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் படிப்பு.

கணக்கியலுக்கு வருகிறேன், உங்களுக்கு அவசரம் அதுதான். உயிரியல் குரூப்பிலிருந்து வந்தவர் இறுதிக் கணக்கில் திணறுவது இயல்பு. வியாபாரக் கணக்கு, இலாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட் மூன்றையும் மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ட்ரையல் பேலன்ஸுக்குள்ளே, அதாவது எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் வரிசையாகக் காட்டும் பட்டியலுக்குள்ளே, இருக்கும் எண் ஒரே இடத்துக்குப் போகும், வெளியே சரிக்கட்டலாக (அட்ஜஸ்ட்மென்ட்) கொடுத்த எண் இரண்டு இடத்துக்குப் போகும். கொடுபட வேண்டிய கூலி வெளியே இருந்தால் வியாபாரக் கணக்கில் கூலியோடு கூட்ட வேண்டும், பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பாகவும் காட்ட வேண்டும். முன்கூட்டிச் செலுத்திய இன்சூரன்ஸ் இலாப நட்டக் கணக்கில் கழியும், சொத்தாக உட்காரும். இறுதிச் சரக்கிருப்பை ட்ரையல் பேலன்ஸுக்குள்ளேயே கொடுத்திருந்தால் பேலன்ஸ் ஷீட்டில் மட்டும் காட்டுங்கள். அது அப்படி உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் பழக்கதோஷத்தில் வியாபாரக் கணக்கிலும் எழுதி, கூட்டுத்தொகை இடிக்கிறதே என்று தவிப்பவர்கள் பலர்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் வராக்கடன். திரும்ப வராது என்று உறுதியானது வராக்கடன், வராமல் போகலாம் என்று முன்கூட்டி ஒதுக்கி வைப்பது ஐயக்கடன் ஒதுக்கு. ஒரு கணக்கு சொல்கிறேன், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரையல் பேலன்ஸில் கடனாளிகள் 50,000, வராக்கடன் 1,000, பழைய ஐயக்கடன் ஒதுக்கு 1,500. சரிக்கட்டலில், மேலும் 2,000 வராக்கடனாகத் தள்ளி, கடனாளிகள் மீது 5% புதிய ஒதுக்கு வை என்கிறார்கள். 50,000-க்கு 5% போட்டு 2,500 என்று எழுதுவதுதான் வழக்கமான தப்பு. தள்ளிய 2,000 ரூபாய் இனி கடனே இல்லை, அதற்கு எதற்கு ஒதுக்கு? 48,000-க்கு 5%, அதாவது 2,400. இலாப நட்டக் கணக்குக்குப் போவது 1,000 + 2,000 + 2,400 − 1,500 = 3,900. பேலன்ஸ் ஷீட்டில் 50,000 − 2,000 − 2,400 = 45,600. ட்ரையல் பேலன்ஸில் இருந்த 1,000 கடனாளிகளில் ஏற்கெனவே கழிந்துவிட்டதால் அதை மறுபடி கழிக்கக் கூடாது. 'ஏன் 48,000', 'ஏன் 1,000 கழியவில்லை' என்ற இரண்டுக்கும் உங்கள் வாயால் பதில் சொல்ல முடிந்தால் இந்த வகைக் கணக்கு இனி உங்களை ஏமாற்றாது.

ஒரு நாளைக்கு ஒரு கணக்கு போதும், ஆனால் தினமும். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்ட கணக்கைப் போட்டதாகச் சேர்க்காதீர்கள். தப்புகளுக்கென்று தனி நோட்டு ஒன்று வையுங்கள்: எந்தக் கணக்கு, எங்கே தவறினேன், ஏன், மூன்றே வரி. செமஸ்டர் முடிவில் அந்த நோட்டு கைடைவிட ஒல்லியாக இருக்கும், முந்தைய நாள் இரவு அதை மட்டும் புரட்டினால் போதும்.

இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டால் வகுத்து வரும் தொகை கணக்கில் எங்காவது இருந்தால், அது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கலாம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் 540-ஐ 450 என்று எழுதியதுபோல இலக்கம் இடம் மாறியிருக்கலாம். மூன்று நிமிடம் தேடுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பொதுவாகப் படிகளுக்கும் மார்க் உண்டு. பொருந்தாத ஒரு பேலன்ஸ் ஷீட்டோடு அரைமணி மல்லுக்கட்டி, தெரிந்த ஐந்து மார்க் கேள்வி இரண்டை எழுத நேரமில்லாமல் போவது பெரிய நட்டம். மூன்று மணி நேரத்தில் ஏ பகுதிக்கு 30 நிமிடம், பி பகுதியில் கேள்விக்கு 12, சி பகுதியில் கேள்விக்கு 25 என்று வைத்தால் 165 ஆகும். மிச்சம் 15 சரிபார்க்க. ஒர்க்கிங் நோட்டை அடித்துவிடாதீர்கள், விடைக்குக் கீழேயே தெளிவாக இருக்கட்டும்.

தியரிப் பாடங்களில் ஆங்கிலம்தான் தடை என்கிறீர்கள். பாதிதான் உண்மை. விஷயம் தமிழில் தெளிவாக இருந்தால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமே போதும். தமிழில் தெளிவில்லாததை மனப்பாடம் செய்யும்போது ஒரு சொல் மறந்தால் முழு விடையும் சரிந்துவிடும். மேலாண்மைப் பாடத்தில் வரும் ஃபயோலின் 14 கோட்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'யூனிட்டி ஆஃப் கமாண்ட்', 'யூனிட்டி ஆஃப் டைரக்ஷன்' இரண்டையும் குழப்பாதவர் குறைவு. உங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் வைத்துப் பாருங்கள். மூட்டை தைக்கும் ஆளுக்குப் பட்டியல் எழுத்தர் ஒன்று சொல்லி, வந்து நிற்கும் இன்னொருவர் வேறொன்று சொன்னால் அவர் யார் பேச்சைக் கேட்பார்? ஒரு ஆளுக்கு ஒரே மேலாளர் என்பது முதலாவது. எடை போடுவது, சாக்கு வரவழைப்பது, லாரி ஏற்றுவது மூன்றும் ஒரே குறிக்கோளுக்கு ஒரே திட்டத்தில் நடக்க வேண்டும் என்பது இரண்டாவது. இதை முதலில் வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள், பிறகு ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: வரையறை ஒன்று, விளக்கம் இரண்டு, உதாரணம் ஒன்று, மீறினால் என்ன ஆகும் என்று ஒன்று. யூனிட்டுக்குப் பத்துக் கலைச்சொல் மட்டும் எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தால் போதும். கேள்வியின் வினைச்சொல்லையும் பாருங்கள். 'டிஸ்டிங்விஷ்' என்றால் கட்டம் போட்டு வேறுபாடு எழுத வேண்டும். அங்கே இரண்டு வரையறையை மட்டும் எழுதினால் முழு மார்க் கிடைக்காது.

அதே கொள்முதல் நிலையம் பின்னால் உற்பத்தி மேலாண்மைக்கும் உதவும். ஒரு நாளைக்கு 1,000 மூட்டை எடை போட முடிகிறது, லாரியில் 600 மூட்டைதான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 400 தேங்கும். பத்து நாளில் 4,000 மூட்டை, 40 கிலோ வீதம் 160 டன், வெட்டவெளியில். இன்னொரு தராசு வாங்கி வைத்தால் நிலைமை சரியாகுமா? அடுக்கு இன்னும் வேகமாக உயரும், மழை வந்தால் நனைவதும் கூடும். இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் திறனைக் கூட்ட வேண்டும். 'பாட்டில்நெக்' என்று ஒரு பக்கத்துக்குக் கைடில் இருப்பது இவ்வளவுதான். இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், விடைத்தாளில் எழுதக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்தடுத்த செமஸ்டர்களில் பிரேக் ஈவன் வரும், இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை அளவு அது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிகிரி காபிக் கடை. மாதம் வாடகை 9,000, மாஸ்டர் சம்பளம் 24,000, கரண்ட் முதலானவை 3,000, ஆக நிலையான செலவு 36,000. காபி 20 ரூபாய், பால், பொடி, சர்க்கரை, கேஸ் சேர்த்து ஒரு டம்ளருக்கு 12. விலையில் இந்தச் செலவு போக மிஞ்சும் பங்களிப்பு 8 ரூபாய். 36,000-ஐ எட்டால் வகுத்தால் 4,500 காபி, நாளைக்கு 150. இனி பால் விலை ஏறி டம்ளருக்கு ஒரு ரூபாய் கூடினால்? பங்களிப்பு 7, மாதம் 5,143 காபி, நாளைக்கு 172. ஒரு ரூபாய்க்கு 22 டம்ளர். இவை நான் வைத்த எண்கள், நீங்கள் ஒரு கடையில் பேச்சுக்கொடுத்து நிஜ எண்களைப் போட்டுப் பாருங்கள். மாத வாடகையை நாள் விற்பனையோடு வகுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனியரிடம் பழைய புத்தகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் அடிப்படைப் பகுதிக்குப் பழைய புத்தகம் பரவாயில்லை. கம்பெனிச் சட்டம் அப்படியல்ல. 1956 சட்டத்தின்படி எழுதிய கைடு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. இப்போது படிக்க வேண்டியது 2013 சட்டம், ஒருநபர் கம்பெனி என்பதே அதில்தான் வந்தது. மறைமுக வரியிலும் 2017 ஜூலைக்கு முந்தைய புத்தகத்தைத் தொடாதீர்கள், ஜி.எஸ்.டி. வந்தது அப்போதுதான். சட்டத்தில் பிரச்சினைக் கேள்வி வந்தால் பிரிவு, வழக்கு, பொருத்தம், முடிவு என்ற வரிசையில் எழுதுங்கள். பதினேழு வயதுப் பையன் கடன் பத்திரம் எழுதிக்கொடுத்தான் என்றால், பதினெட்டு நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்னும் 11-ஆம் பிரிவு, 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பு, ஆகவே அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. நான்கு வரிதான், ஆனால் 'செல்லாது' என்று மட்டும் எழுதியவரைவிட நிச்சயம் கூடுதல் மார்க்.

வருகைப் பதிவையும் இப்போதே கணக்கிடுங்கள். 90 வேலை நாள், 75% தேவை என்றால் நீங்கள் தவறவிடக்கூடியது 22 நாள். அறுப்புக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள், காய்ச்சலுக்கு ஐந்து. மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்ட வைக்கும் சனிக்கிழமை வகுப்பும் வேலை நாள்தான். அதை வராமல் விட்டுத்தான் பலருக்குக் கடைசியில் இரண்டு நாள் இடிக்கும். இன்டர்னல் 25-ஐயும் அலட்சியப்படுத்தாதீர்கள். தவணை தப்பாமல் கொடுத்த அசைன்மென்டில் வரும் மார்க்கும் கணக்குப் போட்டு வாங்கும் மார்க்கும் மொத்தத்தில் ஒரே எடைதான், உழைப்பில்தான் வித்தியாசம்.

பஸ்ஸில் கணக்கு போட முடியாது, முயலவும் வேண்டாம். சட்டைப் பையில் இரண்டு மார்க் சீட்டு இருபது வையுங்கள், முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும் நேரத்துக்கே பத்து ஓடிவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பின் முக்கால் மணி நேரம், ஒரு கணக்கு, ஒரு ஐந்து மார்க் விடை, இரண்டும் எழுத்தில். அவ்வளவு போதும், அதற்கு மேல் முடிகிற நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

அரியரைப் பற்றி. மறுபடி எழுதும் முன் விடைத்தாள் நகல் வாங்க முடியுமா என்று தேர்வுப் பிரிவில் விசாரியுங்கள், அதற்கு நாள் வரம்பு இருக்கும். முடிந்தால் அந்த 22 எங்கிருந்து வந்தது, எந்தப் பகுதியில் வெறும் தாளாக விட்டீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். தேர்ச்சிக்கு 75-இல் 30 என்பதால் உங்களுக்குக் குறைவது எட்டு மார்க். விட்ட இரண்டு யூனிட்டின் நான்கு இரண்டு மார்க் கேள்விகளே அந்த எட்டு. நகல் வந்ததும் மேலே சொன்ன வராக்கடன் கணக்கைக் கடனாளிகள் 80,000, மேலும் தள்ளும் வராக்கடன் 5,000, ஒதுக்கு 4% என்று மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, கைடைத் திறக்காமல் போட்டு அனுப்புங்கள். தப்பாக இருந்தாலும் அழிக்காமல் அனுப்புங்கள், எந்த வரியில் தவறியது என்று பார்த்துச் சொல்கிறேன்.