டீமன் மேல் ஏன் பழி?

அன்புள்ள அண்ணா,

லினக்ஸில், ஜன்னல்களை நிர்வகிக்கும் ஸ்வேயில், ஃபுட் என்ற டெர்மினலைப் பயன்படுத்துகிறேன். ஸ்வே தொடங்கும்போதே அதன் டீமனும், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஃபுட்சர்வரும், தொடங்கிவிடும். அப்புறம் ஃபுட்கிளையன்ட் மூலம் ஜன்னல்களைத் திறக்கிறேன். ஆனால் ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலில்) நான் எக்ஸ்போர்ட் செய்த சூழல் மாறிகள் புது ஜன்னலுக்கு வருவதில்லை. சர்வர் விழுந்தால் எல்லா ஜன்னலும் போய்விடுமாமே? இத்தனைக்கும் ஜன்னல் உடனே வந்தாலும், கட்டளை தட்டச் சொல்லும் பிராம்ப்ட் வரத் தாமதமாகிறது. டீமனை விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

ஷெல்லைத் தொடங்குவது சர்வர், கிளையன்ட் அல்ல. அதனால் சர்வரின் சூழல்தான் புது ஜன்னலுக்குப் போகும். ஃபுட்கிளையன்டுக்குப் பெரிய எழுத்து 'ஈ' (-E) ஆப்ஷனைக் கொடுங்கள், உங்கள் மாறிகள் வரும். அதன் கையேடான மேன் பக்கத்திலேயே இருக்கிறது, படித்திருக்கலாம்.

சர்வர் விழுந்தால் எல்லாம் போகும், உண்மைதான். நீண்ட நேரம் ஓடும் வேலைகளை டிமக்ஸில் வையுங்கள், ஜன்னல் போனாலும் அதற்குள் வேலை ஓடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

கடைசியாகப் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விட மனமில்லை. எக்ஸ் விண்டோ காலத்தில் நான் டெர்மினல் டீமனுக்குப் போனது ராம் பஞ்சத்தால். ஆர்எக்ஸ்விடி-யூனிகோட் என்ற டெர்மினல் அப்போதே இப்படி ஒரு டீமனும் கிளையன்டும் வைத்திருந்தது. எத்தனை ஜன்னல் திறந்தாலும் ஒரே பிராசஸ். வீட்டில் இருந்த ஒரே பழைய கணினியில்தான் அக்கா ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வாள். நான் விட்டுவைத்த நிரல்கள் நினைவகத்தைத் தின்றால் அவள் கோப்பு திறக்கும்போது டிஸ்க் கரகரக்கும். ஒன்றும் சொல்லமாட்டாள், திரும்பி ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்து சேமித்த மெகாபைட்டுகள் அவை.

உங்களுக்கு அந்தப் பஞ்சம் இல்லை, வேகம்தான் வேண்டும். சரி. டீமன் எதை மிச்சம் பிடிக்கிறது என்று யோசித்தீர்களா? டெர்மினல் நிரல் கிளம்புவதை, எழுத்துரு ஏற்றுவதை. அதோடு அதன் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஷெல் புதிதாகத்தான் பிறக்கிறது. பாஷ் என்ற அந்த ஷெல்லின் தொடக்கக் கோப்பான பாஷ்ஆர்சி முதல் வரியிலிருந்து ஓடுகிறது. ஜன்னல் உடனே வருகிறது, பிராம்ப்ட்தான் வரவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியும் சந்தேகம் டீமன் மேல்! எவனோ எழுதியதை எடுத்து அந்தக் கோப்பில் ஒட்டியிருப்பீர்கள்: நோடு பதிப்புகளை மாற்றித்தரும் என்விஎம், பைதான் சூழல்களுக்கான காண்டா, கிட் நிலவரம் காட்டும் அலங்கார பிராம்ப்ட். எப்போதோ தொடும் நோடுக்காக, ஒரு கோப்பை நகர்த்தத் திறக்கும் ஜன்னலும் காத்துக்கிடக்க வேண்டுமா? மில்லிவிநாடிக் கணக்கு பார்த்து டெர்மினல் தேர்ந்தெடுக்கிற உங்கள் தலைமுறை, தன் ஆர்சி கோப்பை மட்டும் திறந்தே பார்ப்பதில்லை.

பாஷ்ஆர்சியைப் படிக்காமல் தொடங்கவைக்கும் 'நோஆர்சி' (--norc) ஆப்ஷனோடு பாஷை ஒருமுறை ஓட்டுங்கள். பிராம்ப்ட் பட்டென்று வந்தால் குற்றவாளி அந்தக் கோப்புதான். எதற்கென்று உங்களுக்கே தெரியாத வரிகளை கமென்ட் செய்யுங்கள். என்விஎம்மை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, கூப்பிடும்போது மட்டும் ஏற்றுங்கள். டீமன் இருந்துவிட்டுப் போகட்டும்.