‘விதவை’யை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

ரிக்வேதத்தில் வரும் ‘ஜர்பரீ துர்பரீதூ’ என்ற சொற்களுக்குப் பொருளே கிடையாது என்கிறார்களே, உண்மையா? பிரித்துப் பார்த்தால் கிடைத்துவிடாதா? ‘விதவை’யை வி + தவம், அதாவது தவம் இழந்தவள் என்று ஒருவர் பிரித்திருந்தார். எவ்வளவு அழகு!

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தச் சொற்கள் அசுவினி தேவர்களைப் பாடும் 10.106ஆம் சூக்தத்தில் (பத்தாம் மண்டலம், 106ஆவது பாடல்) வருகின்றன. பக்கத்தில் ‘ஸ்ருணி’, அதாவது அங்குசம், இருப்பதை வைத்து, வேதச் சொற்களுக்கு விளக்கம் எழுதிய பழைய ஆசிரியர் யாஸ்கர் ‘தாங்குபவர்கள், கொல்பவர்கள்’ என்றார். இப்போதைக்கு அது போதும்.

‘அழகு’ என்றீர்களே, அதை விட மனமில்லை. கணவனைப் பறிகொடுத்தவள் மீதே பழியைப் போடும் விளக்கத்தில் என்ன அழகு கண்டீர்கள்? நாகரியிலோ கிரந்தத்திலோ எழுதிப் பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருக்கும். சமஸ்கிருதத்தில் ‘த’வுக்கு நான்கு எழுத்துகள். தவத்தின் மூலமான ‘தபஸ்’ஸில் இருப்பது முதலாவது (त), ‘விதவா’வில் இருப்பது நான்காவது (ध). தமிழில் இரண்டும் ஒரே ‘த’ ஆனதால் வந்த வினை இது.

வி + தவன், கணவன் இல்லாதவள் என்பது பழைய விளக்கம். தன் நூலான நிருக்தம் 3.15இல் யாஸ்கரே சொல்கிறார். ஆனால் கூடவே தாங்குபவன் அற்றவள், நடுங்குபவள், அங்குமிங்கும் ஓடுபவள் என்றும் அடுக்குகிறார். ஒரு சொல்லுக்கு நான்கு விளக்கம் வந்தால் உஷாராகிவிட வேண்டும்.

முதலில் ரிக்வேதத்தில் சொல் வருமிடங்களை எடுங்கள்: 4.18.12, 10.40.2, 10.40.8. பிறகு ‘தவ’வைத் தேடுங்கள். கணவன் என்ற பொருளில் ரிக்வேதத்தில் எங்குமே இல்லை. அடுத்து உறவுமொழிகள்: லத்தீனில் விதுவா, ரஷ்யனில் வ்தவா, ஆங்கிலத்தில் விடோ. கைம்பெண்ணுக்கு இத்தனை மொழிகளில் ஒரே சொல் இருக்கிறது, கணவனைக் குறிக்கும் ‘தவ’ ஒன்றிலும் இல்லை. ஆக, முழுச்சொல்தான் மூத்தது. குறைபடுதல், இல்லாமற்போதல் என்ற பொருளுள்ள ‘வித்’ (இங்கும் நான்காம் தகரம்) அதன் வேர். முன்னால் நிற்கும் ‘வி’யை ‘இல்லாத’ என்று தப்பாகக் கேட்டு, மிச்சத்திலிருந்து ஒரு கணவனைப் பிற்பாடு உண்டாக்கினார்கள். ‘அசுர’வின் ‘அ’வை வெட்டி, தேவர் என்ற பொருளில் ‘சுர’ பிறந்ததும் இப்படித்தான். பழைய ஈரானியரின் மறைநூலான அவெஸ்தாவின் ‘அஹுர’வைப் பாருங்கள், தலைவன் என்று பொருள். மறுப்புச் சொல்லே அல்ல.

ஒற்றைச் சொல்லைத் தனியே பிய்த்துப் பொருள் சொல்லாதே என்பது யாஸ்கர் நிருக்தம் 2.3இல் போட்ட விதி. அவர் பேரைச் சொல்லிக்கொண்டு சொல்லை வெட்டுகிறவர்கள் அதைப் படிப்பதே இல்லை.

உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த முறை சொல்லை மட்டும் அனுப்பாதீர்கள். முழு மந்திரத்தையும் ஸ்வரக் குறிகளோடு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.