பதிவேடு இருக்கும்போது வாய்மொழிப் பேட்டி எதற்கு?

நிலப் பதிவேடும் மக்கள்தொகைக் கணக்கும் இருக்கும்போது, அமெரிக்கப் புல்வெளிகளில் குடியேறிய விவசாயிகளின் பேச்சை ஏன் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வட டகோட்டாவின் ரஷ்ய ஜெர்மானியர்களை எடுத்துக்கொள்வோம். ரஷ்யப் பேரரசில் கருங்கடல் பக்கம் குடியேறிப் பயிர் செய்துவந்த ஜெர்மானியர்கள் இவர்கள். 1870-களில் ரஷ்யா இவர்களுடைய சலுகைகளைப் பறித்து, ராணுவத்துக்கும் ஆள் கேட்டது. பலர் கப்பலேறினார்கள். 1862-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி 160 ஏக்கர்; 5 வருடம் தங்கிப் பயிரிட்டால் சொந்தம்.

பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கும். சரி, குளிருக்கு எதை எரித்தார்கள்? அங்கே விறகுக்கு மரம் அரிது. பேட்டிகளில் பதில் வருகிறது: சாணி. தொழுவத்துச் சாணியைச் சேர்த்துப் பரப்பி, வைக்கோல் கலந்து, குதிரைகளை நடக்கவிட்டு மிதிப்பார்கள். இறுகியதும் மண்வெட்டியால் செங்கல் போல வெட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்து அடுக்குவார்கள். நம் வறட்டியேதான், கையால் தட்டவில்லை, அவ்வளவே.

வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2005-இல் இவர்களிடம் ஒரு பேட்டித் திட்டத்தைத் தொடங்கியது. பேசியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதனால் வருடம், விலை போன்றவற்றுக்கு நான் அதை மட்டும் நம்பமாட்டேன். ஆனால் ஜெர்மன் மட்டுமே தெரிந்த பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் முதல் நாள் திருதிருவென்று முழித்ததைப் பதிவேடு எழுதாது.

அப்புறம், கேட்கும் விதமும் முக்கியம். 'வாழ்க்கை எப்படி இருந்தது' என்றால் 'கஷ்டம்தான்' என்று முடிந்துவிடும். 'காலையில் அடுப்பை யார் மூட்டினார்கள்' என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணிநேரம் பேசுவார்கள்.