அம்மா கிளம்பினால் அழுகை: பாசம் குறைந்துவிடுமா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதம். நான் வேலைக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. பகலில் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். நான் கிளம்பினால் வீறிட்டு அழுகிறாள் என்பதால், அவள் விளையாடும் நேரம் பார்த்து ஓசைப்படாமல் நழுவிவிடுகிறேன். தூக்கம் வந்தால் பாட்டியைத்தான் தேடுகிறாள். எங்களுக்குள் பாசம் குறைந்துவிடுமா?

பதில்: நழுவிப் போவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றது எதுவும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

கண்ணில் படாத அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்பது ஏழெட்டு மாதத்தில்தான் குழந்தைக்குப் பிடிபடத் தொடங்குகிறது. எப்போது வருவாள் என்பது மட்டும் தெரியாது. அழுகை அதனால்தான். ஒன்றரை வயதுவரைகூட இது வலுவாக இருக்கலாம். பிறகு மெல்லத் தணியும்.

மேரி எயின்ஸ்வர்த் என்ற உளவியலாளர், 1950-களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாய்களையும் சேய்களையும் கவனித்தவர். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதுக் குழந்தைகளுக்காகச் சுமார் 20 நிமிடச் சோதனை ஒன்றை வடிவமைத்தார். பொம்மைகள் கிடக்கும் புது அறை. அம்மா வெளியே போவார், சில நிமிடத்தில் வருவார். அம்மா போகும்போது எழும் அழுகையைவிட, அவர் திரும்பி வரும் கணம்தான் எயின்ஸ்வர்த்துக்கு அதிகம் சொன்னது. கையைத் தூக்கிக்கொண்டு வந்து, தோளில் முகம் புதைத்து, சற்று நேரத்தில் இறங்கி மறுபடி பொம்மைக்குப் போகிறதா? அங்கே ஒட்டுதல் உறுதியாக இருக்கிறது. அழாமலும், வந்த அம்மாவை ஏறிட்டுப் பார்க்காமலும் இருந்த குழந்தைகளும் உண்டு. 'சமர்த்து' என்று மெச்சத் தோன்றும். பின்னாளில் அளந்து பார்த்தபோது, அவர்களுக்கும் இதயத் துடிப்பு கூடித்தான் இருந்தது.

பாட்டி விஷயம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்து 1964-இல் வெளியான ஆய்வில் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டியிடம் சேர்வது உங்கள் பங்கிலிருந்து கழிவதில்லை. வேலைக்குப் போகும் அம்மாக்களின் குற்ற உணர்வுக்காகவே செய்தது போன்ற ஓர் ஆய்வும் அமெரிக்காவில் 1991-இல் தொடங்கியது. 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகள். பிறர் பராமரிப்பில் இருந்தது என்பதாலேயே ஒட்டுதல் கெட்டுவிடவில்லை. குழந்தையின் குறிப்பறிந்து தாய் நடந்துகொண்டாரா என்பதே முக்கியமாக இருந்தது.

நழுவினால் என்ன ஆகும்? அம்மா எந்த நொடியும் காணாமல் போகலாம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும்; நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் சேலையை விடாது. தினமும் ஒரே சொல், ஒரு முத்தம், கையசைப்பு; பிறகு கிளம்புங்கள். அழுகை கேட்டுப் பாதி வழியில் திரும்பாதீர்கள். மாலையில் கைப்பேசியை வைத்துவிட்டுத் தரையில் அவளோடு உட்காருங்கள். முதலில் பாட்டியின் தோளிலேயே சாய்ந்திருந்தால் பிடுங்கி வாங்க வேண்டாம். தானாக வருவாள்.

யார் தூக்கினாலும் சமாதானமாகாமல் இருந்தாலோ, முகம் பார்க்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, நீங்கள் போன பிறகு எத்தனை நிமிடம் அழுகிறாள் என்று உங்கள் அம்மாவை ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து நீங்கள் கற்பனை செய்வதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.