உம்மம்மாவின் நோட்டை எப்படி வாசிப்பது

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. கீழக்கரை வீட்டுப் பெட்டியில் கிடைத்த உம்மம்மாவின் (உம்மாவைப் பெற்ற பாட்டியின்) நோட்டு அரபு எழுத்தில் இருக்கிறது, ஆனால் மதரஸாவில் காட்டினால் அரபியே இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது அரபுத்தமிழ், அதாவது அர்வி. மொழி நம் தமிழ்தான். ட, ண, ப போல அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிப் புது எழுத்து செய்தார்கள். எ, ஒ உயிர்களுக்கும் தனிக் குறி உண்டு. உங்கள் ஊர் மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இஸ்லாமிய மார்க்கச் சட்டத்தை இதில்தான் எழுதினார்.

வீட்டிலேயே குர்ஆன் ஓதக் கற்ற பெண்களுக்கு இந்த எழுத்து கைவந்தது. கொழும்பில் வியாபாரம் பார்த்த கணவருக்கு இதிலேயே கடிதம் போட்டார்கள். பிறகு பள்ளிக்கூடமும் தமிழ் அச்சும் வந்தன. பிள்ளைகள் தமிழ் எழுத்துக்கு மாறினார்கள், அது நல்லதுதான். ஆனால் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகளை 'படிக்காதவர்கள்' என்று சொல்லிவிட்டோமே, அதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. உங்கள் உம்மம்மா படித்தவர்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிறகு குர்ஆன் ஓதத் தெரிந்த ஒருவர் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிக்கட்டும். உங்கள் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். தடுமாறும் பக்கங்களை இங்கே போடுங்கள், சேர்ந்து வாசிப்போம்.