பழைய இ 94 மாதிரி எஞ்சின்: வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறேன். என் மகனிடம் ரோக்கோ நிறுவனத்தின் ஹெச்ஓ அளவு டிஜிட்டல் ரயில் தொகுப்பு இருக்கிறது. மெர்க்லின் தயாரித்த பழைய இ 94 மின்சார எஞ்சின் மாதிரி ஒன்றை ஒருவர் இணையத்தில் 240 யூரோவுக்கு விற்கிறார். "அரிய பொருள், பெட்டியுடன் இருக்கிறது, டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டது, பரணில் கிடைத்ததால் ஓட்டிப் பார்க்கவில்லை" என்கிறார். நீல நிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் இலவசமாகத் தருவாராம். எங்கள் தண்டவாளத்தில் இது ஓடுமா?

பதில்: ஓடாது. வைத்தால் கச்சிதமாக உட்காரும் என்பதுதான் இதிலுள்ள வம்பு. இரண்டுமே ஹெச்ஓ, அதாவது 1:87 அளவு, தண்டவாள இடைவெளியும் ஒரே 16.5 மில்லிமீட்டர். ஆனால் உங்கள் ரோக்கோ பாதையில் இரண்டு தண்டவாளங்களும் மின்சாரத்தின் இரண்டு முனைகள். மெர்க்லின் முறையில் இரண்டும் சேர்ந்து ஒரே முனை; மற்ற முனை நடுவில் வரிசையாக இருக்கும் சிறு உலோகப் புள்ளிகளில் வருகிறது. அதைத் தொட்டு எடுப்பதற்காக எஞ்சினின் அடியில் நீளமான உலோகச் சறுக்குப்பட்டை ஒன்று இருக்கும். அதன் சக்கரங்களுக்கிடையே மின்காப்பு கிடையாது என்பதால், உங்கள் பாதையில் வைத்த கணமே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே "ஹெச்ஓ" எழுத்தைப் பெரிதாக அச்சிட்டுவிட்டு, மின்முறையைக் கடுகளவு குறியீடாக ஓரத்தில் ஒதுக்கும் வழக்கத்தை இந்தத் தொழில் இத்தனை பத்தாண்டுகளாகத் திருத்திக்கொள்ளவே இல்லை.

இலவச டிரான்ஸ்ஃபார்மரை முதல் வேலையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 220 வோல்ட் காலத்தில் செய்யப்பட்ட அந்தப் பழைய பெட்டிகள், எஞ்சினைத் திசை மாற்றுவதற்காக 24 வோல்ட் அளவில் ஒரு மின்துடிப்பை அனுப்பும். இன்றைய 230 வோல்ட்டில் அது இன்னும் எகிறும். டிஜிட்டல் டீகோடரை, அதாவது எஞ்சினுக்குள் இருந்து கட்டளைகளை வாங்கி மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகையை, எரிக்க அந்த ஒரு துடிப்பு போதும். வயரின் உறை மொரமொரத்துப்போயிருந்தால் குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் செருகவே கூடாது.

விற்பவரின் வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். டிஜிட்டலுக்கு மாற்றிய ஒருவர் ஓட்டிப் பார்க்காமலா மாற்றினார்? "பரணில் கிடைத்தது" என்பது பெரும்பாலும் இறந்தவர் வீட்டுச் சேகரிப்பை மொத்தமாக, அடிமாட்டு விலைக்கு அள்ளிவரும் தரகரின் மொழி. நல்லதைத் தனியே எடுத்துக்கொண்டு, மீதியைக் கிடைத்த பெட்டிகளில் போட்டு, "தனிநபர் விற்பனை, உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். ஜெர்மானியச் சட்டப்படி தனிநபர் அப்படிப் பொறுப்பை விலக்கிக்கொள்ளலாம், வணிகர் விலக்க முடியாது. வணிகரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாள்களுக்குள் திருப்பித்தரவும் உரிமை உண்டு. ஆனால் மாதம் நாற்பது எஞ்சின் விற்பவர் வணிகர்தான் என்று நிரூபிக்கும் பாடு பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. "அரிய பொருள்" என்பதும் வெற்றுப் பேச்சு. மெர்க்லின் இந்த மாதிரியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து தயாரித்து விற்றது. பக்கவாட்டு எண்ணையும் பாருங்கள்: 1968இல் மேற்கு ஜெர்மனி ரயில்வே இ 94 வகைக்கு 194 என்று புது எண் கொடுத்தது. பெட்டியில் ஒன்றும் எஞ்சினில் இன்னொன்றும் இருந்தால் பெட்டி வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். "பழுது, ஓடவில்லை" என்று விற்கப்படும் பழைய மின்சார எஞ்சின் மாதிரிகள் எல்லாம் பழுதானவை அல்ல. அவற்றில் பலவற்றின் பேண்டோகிராஃப், அதாவது கூரைமேல் மேல்கம்பியைத் தொடும் மடக்குக் கை, வெறும் அலங்காரமன்று; மேலே கம்பி கட்டினால் அதிலிருந்து உண்மையாகவே மின்சாரம் எடுக்கும். டிஜிட்டலுக்கு முந்திய காலத்தில் ஒரே பாதையில் இரண்டு ரயில்களைத் தனித்தனியே ஓட்ட இது ஒரு வழி. கம்பியா, தண்டவாளமா என்று தேர்ந்தெடுக்க, மாடலைப் பொறுத்துக் கூரையிலோ கூண்டுக்குள்ளோ ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது கம்பிப் பக்கம் கிடந்தால், கம்பி இல்லாத வீட்டில் எஞ்சின் பிணம்போல் நிற்கும். என் மேசைக்கு வந்த இ 94 ஒன்றை ஒரு கடைக்காரர் "மோட்டார் போய்விட்டது" என்று சொல்லிப் பத்து யூரோவுக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஊசி முனையால் சுவிட்சைத் தள்ளினேன், முகப்பு விளக்கு எரிந்தது. இருந்தாலும் இது மெர்க்லின் பாதை வைத்திருப்பவருக்குத்தான் அதிர்ஷ்டம். உங்கள் பாதைக்கு இந்தச் சுவிட்ச் எந்த வழியும் திறக்காது.

உங்கள் மகனின் ஆசை நியாயமானதே. உங்கள் ஊரிலிருந்து உல்ம் போகும் பாதையில், கைஸ்லிங்கன் ஏற்றத்தில் சரக்கு ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளிய வகை இது. 1940 முதல் கட்டப்பட்டது, ஆறு அச்சுகள், ஏறத்தாழ 119 டன். நடுக்கூண்டுக்கு இருபுறமும் மூக்குகள் தனியே திரும்புவதால் "ஜெர்மன் முதலை" என்ற பெயரும் உண்டு. ரோக்கோவே இதன் மாதிரியைச் செய்திருக்கிறது. இருதண்டவாள, நேர்மின்னோட்ட வகையாக, உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசும் டிசிசி (மாதிரி ரயில்களுக்கான டிஜிட்டல் கட்டளை முறை) டீகோடர் உள்ளதாகத் தேடுங்கள். நீளம் சுமார் 21 சென்டிமீட்டர் இருக்கும். யாரிடம் வாங்கினாலும் பணம் அனுப்பும் முன் அடிப்பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள். சறுக்குப்பட்டை தெரிந்தால் வேண்டாம். உலோக அடிச்சட்டத்தில் மயிரிழை விரிசலோ, உப்பலோ, வளைவோ தெரிந்தாலும் வேண்டாம்: வார்ப்புத் துத்தநாகத்தில் ஈயம் போன்ற மாசு கலந்ததால் வரும் அந்தச் சிதைவுக்கு மருந்தே கிடையாது.