கேபினெட்டில் எஸ்எஸ்டி மாட்ட இடம் இல்லை, அப்படியே தொங்கவிடலாமா?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்புக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கியிருக்கிறேன். கேபினெட்டில் 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் வைக்கும் இடம் மட்டும்தான் இருக்கிறது. ஸ்க்ரூ இல்லாமல் விட்டால் கெட்டுப்போகுமா?

பதில்: எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே சுழலும் தட்டு கிடையாது, எடையும் சுமார் 50 கிராம்தான். குப்புறவோ செங்குத்தாகவோ எப்படி வைத்தாலும் ஓடும். அடி வாங்குவது கனெக்டர்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் பவர் கேபிள் விறைப்பானது. அதன் இழுப்பு முழுவதும் 'எல்' வடிவப் பிளாஸ்டிக் நாக்கில் விழும். அந்த நாக்கு முறிந்தால் டிரைவ் நன்றாக இருந்தும் பயனில்லை.

2.5க்கு 3.5 பிராக்கெட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. தகரமோ பிளாஸ்டிக்கோ, இரண்டும் சரி. அதற்கு முன் கேபினெட்டின் மறுபக்கத்துக் கதவையும் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டுக்குப் பின்னால் தகட்டில் நான்கு துளை இருந்தால் பிராக்கெட்டே வேண்டாம்.

அதிகம் பேர் தவறுவது ஸ்க்ரூவில். எஸ்எஸ்டிக்கு எம்3, மெல்லிய மரை. 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்குக்குப் போடுவது 6-32, மரை பருமன். அதை எஸ்எஸ்டியில் முறுக்கினால் துளையின் மரை போய்விடும். கையால் இரண்டு சுற்று லேசாக இறங்கினால்தான் சரியான ஸ்க்ரூ; முதல் சுற்றிலேயே இறுகினால் நிறுத்திவிடுங்கள். நீளமும் முக்கியம். டிரைவுக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நீண்ட ஸ்க்ரூ உள்ளே இருக்கும் போர்டைக் குத்தும். தகர பிராக்கெட்டுக்கு 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போதும். நான்கும் போட வேண்டியதில்லை, எதிரெதிர் மூலையில் இரண்டு போட்டாலே ஆடாது.

பிராக்கெட் கிடைக்கும்வரை இரட்டைப்பக்க ஃபோம் டேப்பில் ஒட்டலாம், தவறில்லை. லேபிள் இருக்கும் பக்கத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். பிரிக்கும்போது லேபிளும் சேர்ந்து வந்தால் வாரண்டியில் தகராறு வரும்.

மாட்டும்போது பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆன் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். டேட்டா கேபிளில் இரும்புக் கிளிப் உள்ளதாகப் பாருங்கள். இணைத்த பிறகு கனெக்டரிலிருந்து முதல் இரண்டு விரல் தூரத்துக்குக் கேபிள் வளையாமல் நேராக வர வேண்டும். கதவு மூடும்போது கேபிளை அழுத்தினால் வளைந்த முனை உள்ள கேபிளாக மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா பவர் கேபிளைச் செருகுவது. டிரைவ் பக்கம் எல்லாம் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் 12 வோல்ட் வந்தால் ஆன் செய்த நொடியே எஸ்எஸ்டி போய்விடும்.

பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் செட்டிங் திரை) தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். புது டிரைவ் அப்படித்தான் இருக்கும். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இனிஷியலைஸ் கொடுத்து, பார்ட்டிஷன் முறையாக ஜிபிடி தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் செய்தால் வந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் காணாமல் போய்ப் போய் வந்தால் டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 வரிசையைப் பாருங்கள்; கேபிள் வழியே டேட்டா போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை அது. அந்த எண் நாளுக்கு நாள் கூடினால் டிரைவைக் குறை சொல்லும் முன் டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். மாற்றிய பின் எண் குறையாது, ஏறாமல் நின்றாலே போதும்.